பழைய மின்சைக்கிளுக்குப் புதிய மோட்டாரும் பேட்டரியும்: 36 வோல்ட் கியர் ஹப் கிட், எல்.எஃப்.பி. பேக் – ஒரு மதிப்புரை

வீட்டில் கட்டிய மின்சைக்கிள் மேட்டில் திணறத் தொடங்கியதும் பெரும்பாலோரின் கண் கூடுதல் வாட் எழுதப்பட்ட மோட்டாரின் பக்கமே போகிறது. 250 வாட் போதவில்லை என்றால் 500, அதுவும் போதாவிட்டால் 1,000 என்று ஆசை நீள்கிறது. என் சைக்கிளிலிருந்து பழைய 24 வோல்ட் பிரஷ் மோட்டாரையும் இரண்டு லெட் ஆசிட் பேட்டரிகளையும் கழற்றிவிட்டு, அதே 250 வாட் அளவிலான, சக்கரத்தின் நடுவிலேயே உட்காரும் 36 வோல்ட் கியர் ஹப் மோட்டார் கிட் ஒன்றையும், சொல்லிச் செய்யவைத்த லித்தியம் அயர்ன் பாஸ்பேட் (எல்.எஃப்.பி.) பேட்டரி பேக் ஒன்றையும் பொருத்தி, கோயம்புத்தூரின் கோடையிலும் மழையிலும் ஓட்டிய பிறகு இந்த மதிப்புரையை எழுதுகிறேன். மோட்டாரின் மேல் எழுதியிருக்கும் வாட் மாறவில்லை. ஆனால் சைக்கிள் வேறு சைக்கிளாகிவிட்டது. அந்த மாற்றத்தில் பெரும் பங்கு மோட்டாருக்கு அல்ல, பேட்டரிக்கே உரியது என்பதுதான் நான் சொல்ல வருவது.

முதலில் பழைய அமைப்பைப் பற்றிச் சொல்ல வேண்டும். எம்.ஒய். 1016 என்ற பெயரில் எளிதாகக் கிடைக்கும் மோட்டாரின், பல்சக்கரப் பெட்டியுடன் கூடிய வகை அது. அதிலிருந்து இடப்புறமாக ஒரு தனிச் செயின் புறப்பட்டு, பின்சக்கரத்தின் ஹப்பில் வெல்டிங் செய்த ஃப்ரீவீலைச் சுழற்றும். கல்லூரி மாணவர்கள் செய்முறைத் திட்டத்துக்குக் கட்டும் சைக்கிள்களில் பெரும்பாலும் இதே அமைப்பைத்தான் பார்க்கிறோம். மோட்டாருக்கு இரண்டே கம்பிகள், மோட்டாருக்குப் போகும் மின்சாரத்தைக் கட்டுப்படுத்தும் எளிய கன்ட்ரோலர், எந்த லேத் பட்டறையிலும் செய்துகொள்ளக்கூடிய பொருத்து வேலை என்பதால் அதற்கு இந்த வரவேற்பு. செயின் சத்தமும், அடிக்கடி தளர்வதும், சுழலும் பகுதிக்கு மின்சாரத்தை உரசிக் கடத்தித் தேயும் கார்பன் பிரஷ்களும் தவிர அந்த மோட்டாரைக் குறைசொல்ல எனக்கு அதிகம் இல்லை.

குறை பேட்டரியில் இருந்தது. 12 வோல்ட், 12 ஆம்பியர் மணி கொண்ட இரண்டு பேட்டரிகள் காகிதக் கணக்கில் 288 வாட் மணி தர வேண்டும். ஆனால் லெட் ஆசிட் பேட்டரியின் மேல் எழுதப்படும் 12 ஆம்பியர் மணி என்பது 20 மணி நேரம் நிதானமாக, அதாவது 0.6 ஆம்பியர் வீதம் எடுத்தால் கிடைக்கும் அளவு. மேட்டில் மோட்டார் இழுப்பதோ 15 முதல் 20 ஆம்பியர். அந்த வேகத்தில் இழுக்கும்போது எழுதியிருப்பதில் பாதிக்குச் சற்று மேல்தான் கைக்கு வரும்; ஒவ்வொரு முறையும் அடிவரை வடித்தால் சில நூறு சார்ஜுகளில் பேட்டரி ஓய்ந்துவிடும். வோல்டேஜ் விழுவது அதைவிடப் பெரிய தொல்லை. நிறுத்தி வைத்திருக்கும்போது 25 வோல்ட்டைக் காட்டும் அதே ஜோடி, காந்திபுரம் மேம்பாலத்தில் ஏறும்போது 22-க்கும் கீழே இறங்கியதை மீட்டரில் பார்த்திருக்கிறேன். பிரஷ் மோட்டாரின் வேகம் அதற்குக் கிடைக்கும் வோல்டேஜைப் பொறுத்தது. சக்தி தேவைப்படும் நேரத்தில்தான் அதற்குத் தீனி குறைகிறது.

இதை உறுதிசெய்துகொள்ள எனக்கு ஒரு வாய்ப்பும் கிடைத்தது. ஹப் மோட்டார் கிட் வந்து சேரத் தாமதமானபோது, பேக் செய்துதரும் கடைக்காரர் 8 எல்.எஃப்.பி. செல் வரிசைகளைத் தொடராக இணைத்த 25.6 வோல்ட் பேக் ஒன்றைச் சோதித்துப் பார்க்கக் கொடுத்தார். பழைய மோட்டார், பழைய கன்ட்ரோலர், பழைய செயின் எதையும் தொடாமல் பேட்டரியை மட்டும் மாற்றியதற்கே, பாதி மேட்டில் இறங்கித் தள்ள வைத்த அந்த மோட்டார் மேம்பாலத்தின் உச்சிவரை சோர்வில்லாமல் ஏறியது. மோட்டாரை மாற்ற நினைப்பவர்கள் இந்தச் சோதனையை முதலில் செய்து பார்க்க வேண்டும் என்று வலியுறுத்துவேன்.

அப்படியானால் மோட்டாரை ஏன் மாற்றினேன் என்று கேட்கலாம். அதற்கு ஒரு சிறு கணக்கு தேவை. சவாரி செய்பவரும் சைக்கிளும் சேர்ந்து 110 கிலோ என்று வைத்துக்கொள்வோம். 100 மீட்டருக்கு 5 மீட்டர் உயரும் சாலையில் மணிக்கு 15 கிலோமீட்டர் வேகத்தில் ஏற, எடையைத் தூக்குவதற்கு மட்டும் சுமார் 225 வாட் வேண்டும். டயரின் உராய்வையும் காற்றையும் சேர்த்தால் அது 300 வாட்டை நெருங்கும். மோட்டார் தான் வாங்குவதில் நான்கில் மூன்று பங்கையே சக்கரத்துக்குக் கொடுக்கும் என்பதால் பேட்டரி ஏறத்தாழ 400 வாட் தர வேண்டியிருக்கிறது. 24 வோல்ட்டில் இதற்கு 17 ஆம்பியர் ஓட வேண்டும். 36 வோல்ட்டில் 11 போதும். கம்பியிலும் கன்ட்ரோலரிலும் வீணாகும் வெப்பம் கரன்ட்டின் வர்க்கத்தில் கூடுவதால், ஒரே வேலையை 24 வோல்ட்டில் செய்வது இரண்டேகால் மடங்கு வெப்பத்தை உண்டாக்குகிறது. 24 வோல்ட் பிரஷ் மோட்டாருக்கு 36 வோல்ட் கொடுத்து ஓட்டுபவர்களும் இருக்கிறார்கள். வேகம் கூடும்தான், ஆனால் பிரஷ்களில் தீப்பொறி பறந்து, அவை உரசும் செம்பு வளையமான கம்யூட்டேட்டர் கருகிப் போகும். வோல்டேஜை உயர்த்துவதென்றால் மோட்டாரையும் மாற்றுவதே முறை.

வாட்டைக் கூட்டாததற்குச் சட்டமும் காரணம். மத்திய மோட்டார் வாகன விதிகள், 1989-இன்படி, மோட்டாரின் 30 நிமிடத் திறன் 0.25 கிலோவாட்டுக்கும் குறைவாகவும், உச்ச வேகம் மணிக்கு 25 கிலோமீட்டருக்கும் குறைவாகவும், பேட்டரி நீங்கலான எடை 60 கிலோவுக்கு மிகாமலும் இருப்பது மோட்டார் வாகனக் கணக்கில் சேராமலிருப்பதற்கான முதன்மையான நிபந்தனைகள். தகுந்த பிரேக்கும், முன்னால் வெள்ளை ரிஃப்ளெக்டரும், பின்னால் சிவப்பு ரிஃப்ளெக்டரும் அவற்றோடு சேர்ந்தவை. அளவிடப்படுவது அரை மணி நேரம் தொடர்ந்து தரக்கூடிய திறன்தானே தவிர, மேட்டில் ஒரு நிமிடம் இழுக்கும் உச்சம் அல்ல. ஆகவே அந்த வரம்புக்குள் அடங்கும் மோட்டார் மேட்டில் சிறிது நேரம் கூடுதலாக இழுப்பதற்கு இடமிருக்கிறது. 500 வாட்டுக்குப் போய்விட்டால் பதிவு எண், காப்பீடு, ஓட்டுநர் உரிமம் என்று எல்லாமே வேண்டும். வீட்டில் கட்டிய ஒரு சைக்கிளுக்கு அதற்கான தரச் சான்றிதழ் வாங்குவது தனி ஒருவரால் ஆகிற காரியமல்ல. விபத்து ஒன்று நேர்ந்தால், அடிபட்டவருக்கு இழப்பீடு கொடுக்கக் காப்பீடே இல்லாத வாகனத்தை ஓட்டியவராக நிற்க வேண்டியிருக்கும்.

இனி கிட்டைப் பார்ப்போம். பிராண்ட் பெயர் ஏதும் அச்சிடப்படாத சீனத் தயாரிப்பு அது. இந்தியாவில் இறக்குமதி செய்து விற்பவரிடம் வாங்கினேன். ஸ்போக்ஸ் கோத்த 26 அங்குலப் பின்சக்கரம், கன்ட்ரோலர், எல்.சி.டி. டிஸ்ப்ளே, கட்டைவிரல் த்ராட்டில், பிடித்தவுடன் மோட்டாரைத் துண்டிக்கும் பிரேக் கைப்பிடிகள், பெடல் சென்சார் ஆகியவை ஒரே பெட்டியில் வந்தன.

மோட்டாரின் பக்க மூடியைக் கழற்றி உள்ளே பார்த்தேன். நடுவே வேகமாகச் சுழலும் சிறிய மோட்டார். அதைச் சுற்றி மூன்று வெள்ளை நைலான் பல்சக்கரங்கள். இவை சுழற்சியை ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்காகக் குறைத்து ஹப்புக்குக் கொடுக்கின்றன. மணிக்கு 25 கிலோமீட்டரில் 26 அங்குலச் சக்கரம் நிமிடத்துக்கு 200 சுற்று சுற்றுகிறது என்றால், உள்ளே இருக்கும் மோட்டார் 1,000 சுற்று சுற்றுகிறது. வேகமாகச் சுற்றும் சிறு மோட்டார் கொஞ்சம் இரும்பிலும் செம்பிலும் நிறைய வேலை செய்துவிடும். ஆகவேதான் இந்த ஹப் மூன்று கிலோவுக்குள் அடங்குகிறது. பல்சக்கரம் இல்லாத நேரடி ஹப் மோட்டார்கள் ஐந்து கிலோவுக்கும் மேல் எடையுள்ளவை, பெடல் மட்டும் மிதிக்கும்போது காந்த இழுவையைக் காலில் உணர வைப்பவை. அவற்றில் பிரேக் பிடிக்கும்போது பேட்டரிக்குக் கொஞ்சம் மின்சாரம் திரும்பும் என்பது உண்மை. இந்த கியர் ஹப்பின் உள்ளே ஒருவழிக் கிளட்ச் இருப்பதால் அது முடியாது. ஆனால் பேட்டரி தீர்ந்த நாளிலும் இதைச் சாதாரணச் சைக்கிளைப் போலவே மிதித்து வீடு வந்து சேரலாம் என்பதால், எனக்கு இதுவே மேலான பேரம்.

பல்சக்கரங்களில் கிரீஸ் மிகச் சிக்கனமாகத் தடவப்பட்டிருந்தது. பற்களின் பக்கங்களில் ஓர் ஈரப்பசை மட்டுமே தெரிந்தது. வேர்ப்பகுதி உலர்ந்து கிடந்தது. நைலானுக்கு ஒத்துவரும் வெள்ளை லித்தியம் கிரீஸைப் பல்லுக்குப் பல் வைத்து மூடிய பிறகு, தொடக்கத்தில் இருந்த கரகரப்பு அடங்கி ஒரு மெல்லிய ரீங்காரமாகிவிட்டது. வாங்கியவுடன் இதைச் செய்துவிடுவது நல்லது. சக்கரமும் கோட்டத்துடன்தான் வந்தது. ஸ்போக்ஸ் கம்பிகள் தடிமனானவை, நல்லவை. ஆனால் இறுக்கம் ஒரே சீராக இல்லை. பக்கத்துச் சைக்கிள் கடைக்காரர் கோட்டம் எடுத்துக் கொடுத்தார்.

இந்தக் கிட்டின் மிகப் பலவீனமான பாகம் மோட்டாரோ கன்ட்ரோலரோ அல்ல, அதோடு தரப்படும் சிறிய வாஷர்கள். ஹப் மோட்டார் சக்கரத்தை முன்னோக்கித் தள்ளும் அதே அளவு முறுக்கு விசையால் தன் அச்சைப் பின்னோக்கித் திருப்பப் பார்க்கும். அச்சின் இரு பக்கங்களும் தட்டையாகச் செதுக்கப்பட்டு 10 மில்லிமீட்டர் அகலத்தில் இருக்கின்றன. சைக்கிளின் சட்டத்தில் (ஃப்ரேமில்) அச்சு உட்காரும் பிளவின் உதடுகள் மட்டுமே அதைத் திரும்பாமல் பிடித்து வைத்திருக்கின்றன. மேட்டில் 30 நியூட்டன் மீட்டர் முறுக்கு விசை வரும்போது, 10 மில்லிமீட்டர் இடைவெளியில் அந்த உதடுகளின் மேல் விழும் விசை கிட்டத்தட்ட 300 கிலோ எடைக்குச் சமம். ஒவ்வொரு முறை த்ராட்டிலை அழுத்தும்போதும் விடும்போதும் இந்த அழுத்தம் வந்து வந்து போனால், அலுமினியச் சட்டத்தில் பிளவு மெல்ல விரிந்து, ஒரு நாள் அச்சு முழுதாகச் சுழன்று மோட்டார் கம்பியை முறுக்கி அறுத்துவிடும். சக்கரமே கழன்று விழவும் கூடும். கிட்டில் வந்த மெல்லிய பல் வாஷர்களை நம்பி இதை ஓட்டக் கூடாது.

காட்டூர்ப் பக்கம் ஒரு லேத் பட்டறையில் 6 மில்லிமீட்டர் இரும்புத் தகட்டில், அச்சைத் திரும்பாமல் பிடித்துக்கொள்ளும் ஒரு கை (டார்க் ஆர்ம்) செய்யச் சொன்னேன். அச்சு நுழையும் துளையை முதலில் சற்றுச் சிறிதாக வெட்டி, பிறகு அரத்தால் இழைத்து இழைத்து, சுத்தியலால் மெதுவாகத் தட்டினால் மட்டுமே உள்ளே போகும் அளவுக்குப் பட்டறைக்காரர் பொருத்தினார். இங்கே மயிரிழை இடைவெளி இருந்தாலும் அச்சு ஆடும். ஆடினால் துளை பெரிதாகிக்கொண்டே போகும். 10 சென்டிமீட்டர் நீளமுள்ள அந்தக் கையின் மறுமுனையைச் சட்டக் குழாயோடு ஹோஸ் கிளிப் போட்டு இறுக்கியதும், 300 கிலோ விசை 30 கிலோவாகக் குறைந்துவிடுகிறது. பம்பும் மோட்டாரும் செய்து பழகிய இந்த ஊரில் இப்படிப்பட்ட வேலையை விளக்கிச் சொல்ல இரண்டு நிமிடம் போதும். முன்சக்கர ஹப் மோட்டாரை நான் தவிர்த்ததும் இதே காரணத்தால்தான்: கியர் சைக்கிள்களின் அலுமினிய முன்ஃபோர்க்கில் அச்சுப் பிளவு உடைந்தால் சவாரி செய்பவர் முகம் குப்புற விழுவார்.

கன்ட்ரோலர் 15 ஆம்பியர் வரம்புள்ளது, மின்சாரத்தைத் திடுக்கென்று இல்லாமல் சீராக ஏற்றி இறக்கும் சைன் அலை வகை. மோட்டாருக்கு மூன்று தடித்த கம்பிகளும், காந்தங்களின் நிலையை அறியும் ஹால் சென்சார்களுக்கு ஐந்து மெல்லிய கம்பிகளும் போகின்றன. எல்லாம் ஒரே வாட்டர்ப்ரூஃப் கனெக்டரில் அடங்கிவிடுவதால் பொருத்துவதில் குழப்பமே இல்லை. தொடக்க இழுவை மென்மையாக இருக்கிறது. டிஸ்ப்ளேயில் சக்கர அளவையும், 25 கிலோமீட்டர் வேக வரம்பையும் முதலில் அமைத்துவிட வேண்டும்.

பெடல் சென்சார் சுமார் ரகம். 12 காந்தங்கள் பதித்த ஒரு வளையம் பெடல் அச்சோடு சுற்றுகிறது. கால் சுற்றுகிறதா இல்லையா என்பது மட்டுமே அதற்குத் தெரியும், எவ்வளவு அழுத்தி மிதிக்கிறோம் என்பது தெரியாது. ஆகவே காலால் மெதுவாக வருடினாலும் சைக்கிள் ஒரே வீச்சில் கிளம்புகிறது. மிதிப்பதை நிறுத்திய பிறகும் ஒரு கணம் தள்ளிவிட்டுத்தான் ஓய்கிறது. சந்தை நெரிசலில் இது ஆபத்து. பிரேக் கைப்பிடியில் உள்ள துண்டிப்பு சுவிட்சுகளை வேண்டாம் என்று ஒதுக்கிவிடுபவர்கள் பலர் உண்டு. இந்த வகை சென்சார் உள்ள சைக்கிளில் அவை கட்டாயம் இருக்க வேண்டும்.

பேட்டரிக்கு வருகிறேன். 32700 என்ற அளவுள்ள உருளை வடிவ எல்.எஃப்.பி. செல்கள் 24; ஒவ்வொன்றும் 3.2 வோல்ட், 6 ஆம்பியர் மணி. இரண்டிரண்டாக இணையாகச் சேர்த்த 12 வரிசைகளைத் தொடராக இணைத்தால் 38.4 வோல்ட், 12 ஆம்பியர் மணி, அதாவது 460 வாட் மணி. செல்களின் எடை மூன்றரை கிலோ, பெட்டி, செல்களைக் கண்காணித்துக் காக்கும் மின்சுற்றான பி.எம்.எஸ். எல்லாம் சேர்ந்து நான்கரை. பழைய லெட் ஆசிட் ஜோடி எட்டு கிலோ கனத்தது. 18650 வகை சாதாரண லித்தியம் அயான் செல்கள் 40-ஐக் கொண்டு 36 வோல்ட் பேக் செய்தால் எடை இதிலும் பாதியாகக் குறையும், விலையும் பெரிதாகக் கூடாது. இருந்தும் நான் எல்.எஃப்.பி.யையே தேர்ந்தெடுத்ததற்கு முதல் காரணம் பாதுகாப்பு. சாதாரண லித்தியம் அயானில் பரவலான, நிக்கல், மாங்கனீஸ், கோபால்ட் கலந்த என்.எம்.சி. வகைச் செல்கள் சுமார் 210 டிகிரி செல்சியஸில் தம்மைத் தாமே எரித்துக்கொள்ளும் நிலைக்குப் போகின்றன, எல்.எஃப்.பி. சுமார் 270 டிகிரி வரை தாங்குகிறது, அதற்குப் பிறகும் அவ்வளவு மூர்க்கமாக எரிவதில்லை. 2022 மார்ச்சில் வேலூரில் வீட்டில் சார்ஜ் போட்டிருந்த மின்ஸ்கூட்டர் தீப்பிடித்துத் தந்தையும் மகளும் உயிரிழந்த செய்தியைப் படித்த எவரும் இந்த வேறுபாட்டை அலட்சியம் செய்ய மாட்டார்கள். அந்த ஆண்டு நாடெங்கும் நடந்த தீ விபத்துகளுக்குப் பிறகு மின்வாகன பேட்டரிகளின் பாதுகாப்புக்கான ஏ.ஐ.எஸ். 156 தரவிதிகள் கடுமையாக்கப்பட்டு, 2022 டிசம்பரிலும் 2023 மார்ச்சிலுமாக இரு கட்டங்களில் நடைமுறைக்கு வந்தன. ஆனால் அவை தொழிற்சாலையிலிருந்து வரும் வாகனங்களுக்கானவை. சிறு கடையில் சொல்லிச் செய்யும் பேக்கை யாரும் சோதித்து முத்திரை குத்துவதில்லை. வாங்குபவரே சோதனையாளராக இருந்தாக வேண்டும்.

ஆகவே, நீல நிற பி.வி.சி. உறையைச் சுருக்கி மூடும் முன் பேக்கை நேரில் பார்க்க வேண்டும் என்று சொல்லியே முன்பணம் கொடுத்தேன். கடைக்காரர் மறுக்கவில்லை. செல்கள் பிளாஸ்டிக் தாங்கிகளில் இடைவெளிவிட்டு நிறுத்தப்பட்டிருந்தன. நேர்முனைகளில் மின்சாரம் கடத்தாத பார்லி பேப்பர் வளையம் ஒட்டியிருந்தது. செல்களை இணைக்கும் பட்டையில் ஒரு துண்டைக் கேட்டு வாங்கிக் கிரைண்டரில் பிடித்தேன். நிக்கல் பூசிய இரும்பாக இருந்தால் பொறி பறக்கும். சுத்தமான நிக்கலில் அநேகமாகப் பொறியே வராது. வரவில்லை. இரும்புப் பட்டை கரன்ட்டைத் தடுத்துச் சூடாகும், கீறல் விழுந்த இடத்தில் துருவும் பிடிக்கும் என்பதால் இந்தச் சோதனை அவசியம். ஒரே ஒரு குறை தென்பட்டது. பி.எம்.எஸ்.ஸிலிருந்து வரிசைகளுக்குப் போகும் 13 மெல்லிய கம்பிகளில் ஒன்று, தனக்குத் தொடர்பில்லாத ஒரு நிக்கல் பட்டையின் கூர்மையான விளிம்பின் மேல் நேராகப் படிந்து கிடந்தது. நம் சாலைகளின் அதிர்வில் சில மாதங்களில் அந்தக் கம்பியின் தோல் அறுபட்டு, பேக்குக்குள்ளேயே ஷார்ட் சர்க்யூட் ஆகியிருக்கும். சுட்டிக்காட்டியதும் கம்பியை ஓரமாகத் திருப்பி, கீழே பார்லி பேப்பர் வைத்து, சூடு தாங்கும் கேப்டான் டேப் ஒட்டிக் கொடுத்தார். மூடி ஒட்டிய பேக்காக வாங்கியிருந்தால் இது தெரியவே வந்திருக்காது. நேர்முனைக் கம்பியில் 30 ஆம்பியர் ஃபியூஸ் ஒன்றும் போடச் சொன்னேன்.

12 வரிசை எல்.எஃப்.பி.யும் 36 வோல்ட் கன்ட்ரோலரும் ஒன்றுக்கொன்று இசைவானவை. கன்ட்ரோலர் 31 வோல்ட்டில் மோட்டாரை நிறுத்திவிடுகிறது. ஒரு செல்லுக்கு அது சுமார் 2.6 வோல்ட், எல்.எஃப்.பி.யின் கீழ் எல்லையான 2.5-க்குச் சற்று மேலே. டிஸ்ப்ளேயின் பேட்டரிக் கோடுகள்தான் ஏமாற்றுகின்றன. அவை சாதாரண லித்தியம் அயான் பேக்கின் சீராக இறங்கும் வோல்டேஜை வைத்து அமைக்கப்பட்டவை. எல்.எஃப்.பி.யின் வோல்டேஜ் பயணத்தின் பெரும் பகுதியில் அசையாமல் நின்று, கடைசியில் சரேலென்று சரியும். ஆகவே நிறைந்த கோடுகளோடு போய்க்கொண்டிருக்கும்போதே திடீரென்று காலி என்று காட்டும். வெளியேறிய ஆம்பியர் மணியைக் கூட்டிக் காட்டும் ஒரு சிறிய வாட் மீட்டரை பேக்குக்கும் கன்ட்ரோலருக்கும் இடையே போட்டுவிட்டால் இந்தத் தொல்லை தீரும்.

சார்ஜர் விஷயத்தில் கடையின் கவனக்குறைவைச் சொல்லியாக வேண்டும். "36 வோல்ட் பேட்டரிக்கு இதுதான் சார்" என்று 42 வோல்ட் சார்ஜர் ஒன்றை எடுத்துக் கொடுத்தார்கள். அது 10 வரிசை லித்தியம் அயான் பேக்குக்கு உரியது. 12 வரிசை எல்.எஃப்.பி.க்கு 43.8 வோல்ட் வேண்டும். 42 வோல்ட்டில் போட்டால் உடனடியாகத் தீங்கு ஒன்றும் இல்லை. ஆனால் செல்லுக்கு 3.5 வோல்ட்டுக்கு மேல் போகாததால் பி.எம்.எஸ். வரிசைகளைச் சமன்செய்யும் வேலையைத் தொடங்கவே வாய்ப்பு இல்லாமல் போகலாம், நாளடைவில் பேக்கின் கொள்ளளவு குறையும். இதைத் தலைகீழாகச் செய்வதுதான் விபரீதம்: 43.8 வோல்ட் சார்ஜரை 10 வரிசை லித்தியம் அயான் பேக்கில் செருகினால் ஒவ்வொரு செல்லும் 4.38 வோல்ட் வரை ஏறப் பார்க்கும், அதைத் தடுக்க பி.எம்.எஸ். ஒன்றே காவல். இரண்டு சார்ஜர்களின் செருகு முனையும் ஒரே மாதிரி இருப்பதால், வீட்டில் இரண்டு வகை பேட்டரிகளும் உள்ளவர்கள் ஒன்றின் முனையை மாற்றிவிடுவதே நல்லது. திருப்பிக் கொடுத்து 43.8 வோல்ட், 3 ஆம்பியர் சார்ஜர் வாங்கினேன். காலியான பேக் நான்கு மணி நேரத்துக்குச் சற்று மேலான அவகாசத்தில் நிறைகிறது. ஓட்டி வந்த சூட்டோடு சார்ஜ் போடாமல் ஆறவிட்டு, ஆட்கள் விழித்திருக்கும் நேரத்தில், வாசல் வராந்தாவில்தான் போடுகிறேன்.

ஓட்டத்தைப் பற்றிச் சொன்னால், வடவள்ளியிலிருந்து காந்திபுரம் போய்வருவது இப்போது பாதி பேட்டரிக்குச் சற்று மேலான செலவில் முடிந்துவிடுகிறது. லேசாக மிதித்துக்கொண்டே போனால் ஒரு கிலோமீட்டருக்கு 11 முதல் 12 வாட் மணி ஆகிறது. ஒரு சார்ஜுக்கு 35 கிலோமீட்டர் என்பதை நம்பலாம். மேம்பாலத்தில் ஏறும்போது மீட்டர் 39.5-இலிருந்து 38-க்கு இறங்கி அங்கேயே நிற்கிறது. முன்பு 25-இலிருந்து 22-க்கும் கீழே போனதோடு இதை ஒப்பிட்டால், மோட்டார் ஏன் இப்போது தளர்வதில்லை என்பது புரியும். மருதமலை அடிவாரம் நோக்கிய நீண்ட ஏற்றத்திலும் காலும் மோட்டாருமாகப் பங்கிட்டுக்கொண்டால் வேகம் 15-க்குக் கீழே போவதில்லை. இறங்கி ஹப்பைத் தொட்டால் வெதுவெதுப்பு மட்டுமே. மலைப்பாதையிலேயே நின்று நிதானமாக ஏற வேண்டும் என்பவர்களுக்கு இந்த ஹப் போதாது. வேகம் குறையக் குறைய மோட்டார் வாங்கும் மின்சாரத்தில் பெரும் பங்கு வெப்பமாகிவிடும், நைலான் பற்களும் இளகும். அவர்களுக்குப் பெடல் அச்சில் பொருத்தி, சைக்கிளின் கியர்களையே பயன்படுத்திக்கொள்ளும் நடு மோட்டார்தான் சரி. விலை மட்டும் இரண்டு மடங்குக்கும் மேல்.

மழையில் இதுவரை கோளாறு இல்லை. கன்ட்ரோலர் சீட்டுக்கு அடியில், அடிப்பக்கம் நீர் வடியத் துளையிட்ட பையில் இருக்கிறது. அச்சின் நுனியிலிருந்து வெளியே வரும் மோட்டார் கம்பியை நேராக மேலே கொண்டுபோகாமல், ஒரு வளைவு கீழே தொங்கவிட்டுப் பிறகு மேலேற்ற வேண்டும். இல்லாவிட்டால் கம்பியில் வழியும் மழைநீர் அச்சுத் துளை வழியே நேராக ஹால் சென்சார்களுக்குப் போய்விடும். அந்தக் கம்பி வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் பக்கமாகச் சைக்கிளைச் சாய்த்துப் போடுவதும் கூடாது. கிட்டோடு வந்த பிரேக் கைப்பிடிகள் நன்றாக இருந்தாலும், பழைய பிரேக் கட்டைகளை இந்த வேகத்துக்கு நம்ப முடியாது என்பதால் நான்கையும் புதிதாகப் போட்டுவிட்டேன்.

செலவு: கிட்டுக்கு 9,000 ரூபாய்க்குச் சற்று மேல், பேக்குக்குச் சார்ஜரோடு சுமார் 14,000 ரூபாய். லேத் வேலை, வாட் மீட்டர், பிரேக் கட்டை, கோட்டம் எடுத்த கூலி எல்லாம் 2,000 ரூபாய்க்குள் அடங்கின. கையில் மொத்தப் பணமும் இல்லாதவர்கள், பழைய மோட்டார் நல்ல நிலையில் இருந்தால், 8 வரிசை எல்.எஃப்.பி. பேக்கும் அதற்குரிய 29.2 வோல்ட் சார்ஜரும் மட்டும் இப்போது வாங்கலாம். இணையாக இரண்டிரண்டு செல்கள் வைத்தால் 16 செல்களில் முடிந்துவிடும். பின்னால் 36 வோல்ட் ஹப்புக்கு மாறும்போது, அதே வகை, அதே வயதுடைய செல்கள் கிடைத்தால் மட்டுமே கூடுதல் வரிசைகளைச் சேர்க்க முடியும். ஆகவே ஓராண்டுக்குள் மோட்டாரையும் மாற்றப் போகிறோம் என்று உறுதியாகத் தெரிந்தவர்கள் சற்றுப் பொறுத்திருந்து 12 வரிசையாகவே செய்துகொள்வது மேல். கிட்டுக்கு ஐந்தில் நான்கு, பேக்குக்கு ஐந்தில் நாலரை, முதலில் கொடுத்த சார்ஜருக்கு ஒன்றும் இல்லை.

பழைய லெட் ஆசிட் பேட்டரிகளை எந்த பேட்டரிக் கடையிலும் எடைக்கு எடுத்துக்கொள்கிறார்கள். ஈயத்துக்கு எப்போதும் விலை உண்டு. எல்.எஃப்.பி. பேக்கில் கோபால்ட்டோ நிக்கலோ செல்லுக்குள் இல்லாததால், அது ஓயும் நாளில் பழைய இரும்புக் கடைக்காரர் அதற்கு மதிப்பே தர மாட்டார், உடைத்துப் பார்க்கவும் கூடும். 2022-ஆம் ஆண்டின் பேட்டரிக் கழிவு மேலாண்மை விதிகள் பழைய பேட்டரிகளைத் திரும்பப் பெற்று மறுசுழற்சிக்கு அனுப்பும் பொறுப்பை உற்பத்தியாளர், இறக்குமதியாளர் மீது வைக்கின்றன. அவர் யார் என்பது அன்று தெரிய வேண்டுமானால், பேக் வாங்கும்போதே செல்லின் தயாரிப்பாளர் பெயர், வகை, எண்ணிக்கை மூன்றும் எழுதிய ஜி.எஸ்.டி. பில்லைக் கேட்டு வாங்கி, அதன் ஒரு நகலைப் பேக்கின் பெட்டிக்குள்ளேயே ஒட்டி வைத்துவிட வேண்டும்.